தொடர் பயிற்சியால் மாணவர்களின் செஸ் ஆட்டம் தேறுகிறதா? பள்ளியிலேயே சோதித்துப் பார்க்க முழுமையான வழிகாட்டி

தினமும் அரை மணி நேரம் பசில் (செஸ் புதிர்) போட்டால் ஆட்டம் தேறுமா என்று எந்தக் கோச்சிடம் கேட்டாலும், யோசிக்காமல் "கண்டிப்பா தேறும்" என்பார். சாட்சியாக விஸ்வநாதன் ஆனந்தையும், 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியனான குகேஷையும் காட்டுவார். இருவரும் சின்ன வயதிலிருந்தே கடுமையாக உழைத்தவர்கள் என்பது உண்மைதான். ஆனால் அதே அளவு உழைத்தும் மாவட்டப் போட்டியைத் தாண்டாதவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு எந்தச் செய்தியிலும் வராது. ஜெயித்தவர்களை மட்டும் வைத்துப் பயிற்சியின் பலனை எடைபோட முடியாது. உங்கள் பள்ளியில் நீங்கள் கொடுக்கும் பயிற்சி உங்கள் மாணவர்களுக்கு உண்மையில் உதவுகிறதா என்று அறிய, அதை அங்கேயே சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு பருவமும், ஒரு நோட்டும், நாற்பது மாணவர்களும், ஒரு ரூபாய் நாணயமும் இருந்தால் போதும். செஸ் சொல்லித்தரும் ஆசிரியர்கள், பி.இ.டி. ஆசிரியர்கள், அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் கேள்வியைத் தீர்மானியுங்கள்

"தொடர் பயிற்சி பலன் தருமா" என்பது ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும், அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பயிற்சி செய்பவர், செய்யாதவரைவிடத் தேறுகிறாரா? முறையாகப் பயிற்சி செய்பவர், அதே நேரத்தைச் சும்மா ஆடிக் கழிப்பவரைவிடத் தேறுகிறாரா? வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் செய்பவர், அதே இரண்டரை மணி நேரத்தைச் சனிக்கிழமை ஒரே மூச்சில் முடிப்பவரைவிடத் தேறுகிறாரா?

மூன்றுமே நல்ல கேள்விகள். ஆனால் நாற்பது பேரை வைத்துக்கொண்டு மூன்றுக்கும் விடை தேடினால் ஒன்றுக்கும் கிடைக்காது. முதல் கேள்வி பெரிதாக எதையும் சொல்லாது. கூடுதல் நேரமும் ஆசிரியரின் கவனிப்பும் கிடைத்த பிள்ளைகள் கொஞ்சமாவது முன்னேறத்தான் செய்வார்கள். அது பயிற்சியால் வந்ததா, கவனிப்பால் வந்ததா என்று பிரிக்க வழியில்லை. நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். பெரும்பாலான பள்ளி செஸ் கிளப்புகளில் பலகையை விரித்து ஆடவிடுவதுதான் "பயிற்சி" என்ற பெயரில் நடக்கிறது. அது போதுமா, போதாதா என்ற கேள்விக்கு இந்தச் சோதனை நேரடியாக விடை தரும். மூன்றாவது கேள்வியில்தான் ஆர்வம் என்றால் குழுக்கள் செய்யும் வேலையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். மற்ற படிகள் எல்லாம் அப்படியே பொருந்தும்.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எதை அளக்கப் போகிறீர்கள், எந்தத் தேதியில் அளப்பீர்கள், எவ்வளவு வித்தியாசம் வந்தால் பலன் உண்டு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதையும் கூடவே எழுதி, தலைமை ஆசிரியரிடம் தேதியுடன் கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள். முடிவு வந்த பிறகு நமக்குச் சாதகமான அளவை மட்டும் பொறுக்கி எடுக்கும் ஆசை யாருக்கும் வரும். இந்தக் காகிதம் அதைத் தடுக்கும்.

ரேட்டிங்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ரேட்டிங்தான், அதாவது போட்டி முடிவுகளை வைத்து ஒரு வீரரின் பலத்தைக் காட்டும் எண். பயிற்சிக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு, கழித்தால் முடிந்தது என்று நினைப்போம். இதில் மூன்று சிக்கல்கள் உண்டு.

முதலாவது, பள்ளி மாணவர்களில் பெரும்பாலானோருக்கு உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங்கே இருக்காது. 2024 மார்ச்சிலிருந்து பட்டியலில் இடம்பெறக் குறைந்தபட்சம் 1400 வேண்டும். அதே மாதம் 2000-க்குக் கீழே இருந்த எல்லோருடைய ரேட்டிங்கையும் ஃபிடே ஒருமுறை உயர்த்தியது. 2000-லிருந்து எவ்வளவு குறைவோ அதில் 40 சதவீதம் கூட்டப்பட்டது. 1500-ல் இருந்தவர் ஒரு காயைக்கூட நகர்த்தாமல் 1700 ஆனார். அந்தச் சமயத்தில் ரேட்டிங்கை வைத்து ஆய்வு செய்தவர்கள் எந்தப் பயிற்சிக்கும் பாராட்டுப் பத்திரம் கொடுத்திருக்க முடியும்.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. ஆர்பாட் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்து, 1970-ல் ஃபிடே ஏற்றுக்கொண்ட இந்த முறை ஒருவரின் பலத்தை மற்றவர்களோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறது. பள்ளிக்குள் நீங்களே ஒரு ரேட்டிங் பட்டியல் நடத்துகிறீர்கள் என்று வையுங்கள். ஒருவர் பெறும் புள்ளியை இன்னொருவர் இழக்கிறார். எல்லோரும் ஒரே அளவு தேறினால் பட்டியலில் ஓர் எண்ணும் அசையாது.

மூன்றாவது, தற்செயல். எலோ சூத்திரப்படி 100 புள்ளி பலமானவர் எதிராளியிடம் பத்து ஆட்டத்தில் (வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை என்ற கணக்கில்) சராசரியாக 6.4 எடுப்பார். பள்ளி மாணவருக்கு ஒரே பருவத்தில் 100 புள்ளி என்பது நல்ல முன்னேற்றம். ஆனால் இருவரும் சரிசமம், டிராவும் இல்லை என்றாலே, ஒருவர் தற்செயலாகப் பத்துக்கு ஏழோ அதற்கு மேலோ எடுக்க 17 சதவீத வாய்ப்பு உண்டு. பத்து ஆட்டத்தை வைத்து ஒரு மாணவன் தேறினான் என்றோ தேறவில்லை என்றோ சொல்லவே முடியாது.

ஆகவே இரண்டு அளவுகோல்கள் வேண்டும். எதிராளியைச் சாராத ஒரு தேர்வுத்தாள் ஒன்று. இரு குழுக்களும் மோதும் பெரிய ஆட்டத் தொடர் மற்றொன்று.

தேர்வுத்தாள் தயாரித்தல்

இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். தாள் சரியில்லை என்றால் பத்து வார உழைப்பும் வீண்.

லிசெஸ் என்ற இணைய செஸ் தளம் தன் பசில்களை எல்லாம் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டிருக்கிறது. ஒவ்வொரு பசிலுக்கும் கடினத்தன்மை எண்ணும் வகையும் குறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் அதிலிருந்தே மொத்தம் 48 நிலைகளைத் தேர்ந்தெடுங்கள். கடினத்தன்மை வரிசையில் அடுக்கி, அடுத்தடுத்த இரண்டில் எது 'அ' தாளுக்கு, எது 'ஆ' தாளுக்கு என்று நாணயம் சுண்டிப் பிரியுங்கள். இப்போது ஏறக்குறைய சமமான இரண்டு தாள்கள் கையில் இருக்கும், ஒவ்வொன்றிலும் 24 நிலைகள். பாதி மாணவர்கள் முதலில் 'அ', கடைசியில் 'ஆ' எழுதட்டும். மீதிப் பாதி தலைகீழாக எழுதட்டும். ஒரே தாளை இரண்டு முறை கொடுத்தால், இரண்டாம் முறை கூடும் மதிப்பெண்ணில் ஞாபகத்தின் பங்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்க வழியில்லை.

24 நிலைகளும் செக்மேட்டாக இருக்கக் கூடாது. ஒன்றிரண்டு நகர்த்தலில் மேட் ஆவது எட்டு, ஃபோர்க் (ஒரே காயால் இரண்டைத் தாக்குவது), 'பின்' (பின்னால் உள்ள பெரிய காயைக் காக்க ஒரு காய் நகர முடியாமல் நிற்பது) போன்றவற்றால் காய் ஜெயிப்பது எட்டு, எண்ட்கேம் (சில காய்களே மிஞ்சிய கடைசிக் கட்டம்) நான்கு. மீதி நான்கில் ஜெயிக்கும் வழியே இருக்கக் கூடாது. எதிராளி எதை மிரட்டுகிறார் என்று கண்டு, அதைத் தடுப்பதுதான் விடையாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி நான்கை விட்டுவிடாதீர்கள். பசில் என்று கொடுத்தாலே "இதில் ஏதோ இருக்கிறது" என்ற துப்பும் சேர்ந்தே போய்விடுகிறது. நிஜ ஆட்டத்தில் அதை யாரும் சொல்வதில்லை. இந்த நான்கு நிலைகள் அந்தத் துப்பைப் பறித்துவிடும். இவை பசில் தொகுப்பில் எளிதில் கிடைக்காது. மாணவர்கள் ஆடிய பழைய ஆட்டங்களிலிருந்து எடுத்து, இரண்டு தாள்களுக்கும் சமமாகப் பிரித்துவிடுங்கள்.

எண்ட்கேம் கேள்விக்கு ஓர் உதாரணம். வெள்ளை ராஜா இ5, வெள்ளைச் சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ7. பலகையில் வேறு காய் இல்லை. வெள்ளை ஆட வேண்டியிருந்தால் முடிவு என்ன? கறுப்பு ஆட வேண்டியிருந்தால் என்ன? முதலாவது டிரா, இரண்டாவது வெள்ளைக்கு வெற்றி. ராஜாக்கள் நேருக்கு நேர் நிற்கும்போது ஆட வேண்டியவர்தான் வழிவிட்டாக வேண்டும் என்பது புரிந்தவர் இரண்டையும் சரியாகச் சொல்வார். "ஒரு சிப்பாய் கூடுதல், வெள்ளைதான் ஜெயிக்கும்" என்று குத்துமதிப்பாகப் போகிறவர் முதலாவதில் மாட்டுவார். இரண்டும் சரியானால் 2 மதிப்பெண், ஒன்று மட்டும் சரியானால் 0 என்று வையுங்கள். குருட்டாம்போக்கு விடைக்கு மதிப்பெண் போகாது.

நிலைக்கு 2 வீதம் மொத்தம் 48 மதிப்பெண், நேரம் ஒரு பாடவேளை. விடைக்குறிப்பை ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினில் (செஸ் ஆடும் கணினி நிரலில்) சரிபார்த்து முன்கூட்டியே எழுதிவிடுங்கள். தாளில் பெயர் வேண்டாம், எண் போதும். திருத்துபவருக்கு எந்த எண் எந்தக் குழு என்று தெரியவே கூடாது. வேறு பாட ஆசிரியர் ஒருவரைத் திருத்தச் சொன்னால் இன்னும் நல்லது.

குழு பிரித்தல்

"யார் யாருக்குப் பயிற்சி வேண்டும், கை தூக்குங்கள்" என்று கேட்ட அந்த நிமிடமே சோதனை கெட்டுவிடும். கை தூக்குபவர்கள் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்கள். நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அவர்கள் தேறுவார்கள்.

இன்னொரு பொறி கண்ணுக்குத் தெரியாதது. முதல் தேர்வில் மிகக் குறைவாக எடுத்த பத்துப் பேரைப் பொறுக்கிப் பயிற்சி கொடுத்தால், அடுத்த தேர்வில் அவர்கள் சராசரி கட்டாயம் ஏறும். அவர்களில் சிலருக்கு அன்று தலைவலி, சிலருக்குத் தூக்கமில்லை. அடுத்த முறை தங்கள் இயல்பான நிலைக்குத் திரும்புவார்கள், அவ்வளவுதான். ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1886-லேயே பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை அளந்து காட்டிய சராசரிக்குத் திரும்பும் போக்கு இது. தனிப்பயிற்சி விளம்பரங்களில் வரும் "கடைசி பெஞ்ச் மாணவன் முன்னுக்கு வந்தான்" கதைகளில் பலவற்றுக்கு இதுவே விளக்கம்.

சரியான வழி எளிமையானது. முதல் தேர்வு மதிப்பெண்ணை இறங்குவரிசையில் எழுதுங்கள். முதலாமவரும் இரண்டாமவரும் ஒரு ஜோடி, மூன்றாமவரும் நான்காமவரும் ஒரு ஜோடி. இப்படி 20 ஜோடிகள் வரும். ஒவ்வொரு ஜோடிக்கும் மாணவர்கள் கண்முன்னால் நாணயம் சுண்டுங்கள். தலை விழுந்தால் மேலே இருப்பவர் பயிற்சிக் குழு, பூ விழுந்தால் கீழே இருப்பவர். நண்பன் வேறு குழுவுக்குப் போய்விட்டான் என்று அழுதாலும் மாற்றக் கூடாது. மற்றவர் சும்மா ஆடும் ஆட்டக் குழு. அதில் விழுந்தவர்களுக்கு அடுத்த பருவத்தில் இதே பயிற்சி கட்டாயம் கிடைக்கும் என்று அன்றே வாக்குக் கொடுங்கள், அதைக் காப்பாற்றுங்கள். சோதனைக்காக ஒரு பிள்ளையை நிரந்தரமாக ஒதுக்கிவைப்பது நியாயமில்லை. பெற்றோரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

பத்து வாரப் பயிற்சி

ஜூலை தொடக்கத்தில் ஆரம்பித்தால் காலாண்டுத் தேர்வு நெருக்கடிக்கு முன் பத்து வாரத்தை முடித்துவிடலாம். அரையாண்டை ஒட்டித் திட்டமிட்டால் மழை விடுமுறை குறுக்கே வரும். இரு குழுக்களுக்கும் வாரத்தில் ஐந்து நாள், ஒரே நேரத்தில், தனித்தனி அறையில், அரை மணி நேரம். ஆட்டக் குழு இஷ்டம்போல் ஆடலாம். பயிற்சிக் குழுவின் வாரம் இப்படி அமையலாம்:

- திங்கள் முதல் புதன் வரை: முந்தைய நாள் தவறவிட்ட பசில்கள் ஐந்து நிமிடம், பிறகு புதியவை. விடையை நோட்டில் எழுதும் முன் பலகையில் கை வைக்கக் கூடாது.
- வியாழன்: ஓர் எண்ட்கேம் நிலை, எதிரெதிரே உட்கார்ந்து இரு பக்கமும் மாறி மாறி ஆடிப் பார்ப்பது.
- வெள்ளி: தான் தோற்ற ஒரு ஆட்டத்தின் குறிப்பை எடுத்து, எங்கே தவறு என்று தானே தேடுவது. எஞ்சின் கடைசி ஐந்து நிமிடம் மட்டும்.

தனியாக உட்கார்ந்து யோசிக்கும் நேரத்துக்கு நான் அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. உளவியலாளர் நீல் சார்னஸும் குழுவினரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வீரரின் பலத்தை ஊகிக்க அவர் தனியாகச் செலவிட்ட தீவிரப் படிப்பு நேரமே மற்ற செயல்பாடுகளைவிட அதிகம் உதவியது. பசில்களின் கடினம் மாணவருக்கு மாணவர் மாற வேண்டும். நான்கில் மூன்று வரும், ஒன்று வராது என்ற அளவு சரியாக இருக்கும் என்பது என் கணிப்பு. எல்லாமே வந்துவிட்டால் மூளைக்கு வேலையில்லை. எதுவுமே வராவிட்டால் ஒரு வாரத்தில் பிள்ளை வேறு விளையாட்டுக்குப் போய்விடும். தேர்வுத்தாளில் உள்ள 48 நிலைகளில் ஒன்றுகூடப் பயிற்சியில் தலைகாட்டக் கூடாது.

தினமும் வருகை எடுங்கள். வீட்டில் மொபைலில் ஆடும் நேரத்தையும் வாரம் ஒருமுறை இரு குழுவிடமும் கேட்டு எழுதுங்கள். ஆட்டக் குழுப் பிள்ளை ஒன்று வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் பசில் போட்டுக்கொண்டிருந்தால் அது உங்களுக்குத் தெரிய வேண்டும். தடுக்கத் தேவையில்லை, பதிவு செய்தால் போதும்.

பாதியில் நின்றவர்களையும் கடைசித் தேர்வு எழுத வையுங்கள். அவர்களைப் பயிற்சிக் குழுவின் கணக்கிலேயே வைத்திருங்கள். பயிற்சி பிடிக்காமல் விலகியவர்களை நீக்கிவிட்டால், தாக்குப்பிடித்தவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். அவர்களின் சராசரி எப்படியும் நன்றாகத்தான் இருக்கும்.

குழுக்கள் மோதும் நூறு ஆட்டங்கள்

ஒரு குழுவில் உள்ள ஒவ்வொருவரும் எதிர்க்குழுவில் உள்ள ஒவ்வொருவரோடும் ஆடும் முறைக்கு ஷெவனிங்கன் என்று பெயர். 1923-ல் நெதர்லாந்தின் ஷெவனிங்கனில் நடந்த போட்டியிலிருந்து வந்தது. நமக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். ஜோடிகளை மேலிருந்து ஐந்து ஐந்தாக நான்கு பிரிவாக்குங்கள். ஒவ்வொரு பிரிவிலும் பயிற்சிக் குழுவின் ஐந்து பேர், ஆட்டக் குழுவின் ஐந்து பேருடன் மோதினால் 25 ஆட்டம். நான்கு பிரிவுக்கும் சேர்த்து 100. ஒருவர் ஆடுவது ஐந்து ஆட்டம்தான். ஆளுக்கு 15 நிமிடக் கடிகாரம் வைத்தால் இரண்டு சனிக்கிழமைகளில் முடியும். மொத்தத்தில் இரு குழுவுக்கும் வெள்ளைக் காய் ஐம்பது ஐம்பது வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நாணயம் சுண்டிப் பிரித்ததால் ஆரம்பத்தில் இரு குழுவும் ஏறத்தாழச் சமம். எனவே பத்து வாரத்தின் முடிவில் ஒருமுறை நடத்தினால் போதும்.

தனி மாணவரின் பத்து ஆட்டத்தில் தெரியாதது, குழுவின் நூறு ஆட்டத்தில் தெரியும். இரு குழுவும் சமபலம் என்றால் பயிற்சிக் குழுவின் புள்ளி பெரும்பாலும் 40-க்கும் 60-க்கும் இடையில்தான் நிற்கும். உண்மையில் அவர்கள் 100 எலோ தேறியிருந்தால் 64-ஐ ஒட்டி வரும்.

எல்லோரும் ஆட்டத்தை எழுத வேண்டும் என்பது நிபந்தனை. அந்தத் தாள்களை எஞ்சினில் ஏற்றி, ஒரே நகர்த்தலில் இரண்டு சிப்பாய் மதிப்புக்கு மேல் நிலைமை சரிந்த இடங்களை எண்ணுங்கள். இந்த மட்டத்தில் ஆட்டங்களைத் தீர்மானிப்பது ஓபனிங் (ஆட்டத் தொடக்க நகர்த்தல்கள்) அறிவு அல்ல. குதிரையை இனாமாகக் கொடுப்பது, ராணி தாக்கப்படுவதைப் பார்க்காமல் சிப்பாயைத் தள்ளுவது ஆகியவைதான். ஓர் ஆட்டத்துக்கு இத்தனை பெரிய தவறுகள் என்ற எண், வெற்றி தோல்வியைவிட நிலையான அளவு.

நாணயத்தாலேயே கணக்குப் பார்ப்பது

ஒவ்வொரு மாணவருக்கும் கடைசி மதிப்பெண்ணிலிருந்து முதல் மதிப்பெண்ணைக் கழித்தால் அவர் ஏற்றம் கிடைக்கும். ஜோடியில் பயிற்சி பெற்றவரின் ஏற்றத்திலிருந்து மற்றவரின் ஏற்றத்தைக் கழியுங்கள். உதாரணத்துக்கு எட்டு ஜோடிகளில் வித்தியாசம் +5, +3, −2, +6, +1, −1, +4, +2 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் +18, ஜோடிக்குச் சராசரி 2.25.

இது பயிற்சியின் பலனா, தற்செயலா? பயிற்சியால் ஒரு பலனும் இல்லை என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள். அப்படியானால் ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் கூட்டல் வந்ததா கழித்தல் வந்ததா என்பதை முடிவு செய்தது நீங்கள் சுண்டிய நாணயம்தான். எட்டு நாணயங்கள் விழக்கூடிய வழிகள் 256. அவற்றில் கூட்டுத்தொகை 18 அல்லது அதற்கு மேல் வருபவை எத்தனை? எண்களின் மொத்த அளவு 24. ஆகவே கழித்தல் பக்கம் போகும் எண்களின் கூட்டல் 3-ஐத் தாண்டக் கூடாது. எண்ணிப் பார்த்தால் 11 வழிகள் வரும். 256-ல் 11 என்றால் சுமார் 4 சதவீதம். வெறும் அதிர்ஷ்டத்தால் இவ்வளவு பெரிய வித்தியாசம் வருவது அரிது, ஆனால் நடக்காதது அல்ல. எட்டாம் வகுப்பு மாணவர்களே கரும்பலகையில் இதைச் செய்துவிடலாம். 20 ஜோடிகளுக்கு வழிகள் பத்து லட்சத்தைத் தாண்டும் என்பதால், கணினியில் ஆயிரம் முறை சுண்டச் சொல்லி எண்ணினால் போதும்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஜோடி சேர்க்காமல் செய்யும் சோதனையில் நடுத்தர அளவு பலனைத் திடமாகப் பிடிக்க, குழுவுக்குச் சுமார் 64 பேர் வேண்டும். ஜோடி சேர்த்ததும் முதல் தேர்வு வைத்ததும் அந்தத் தேவையைக் குறைக்கும், ஆனால் இல்லாமல் ஆக்காது. 40 பேரில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் "பலன் இல்லை" என்று எழுதாதீர்கள். "எங்கள் சோதனையில் தெரியும் அளவுக்குப் பெரிய பலன் இல்லை" என்று எழுதுங்கள். பக்கத்துப் பள்ளியும் இதே தாள்களோடு இதையே செய்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

முடிவை எப்படிப் படிப்பது

தேர்வுத்தாளில் ஏற்றம் தெரிந்து ஆட்டத்தில் தெரியவில்லை என்றால், பிள்ளைகள் பசில் போடக் கற்றுக்கொண்டார்கள், அதை ஆட்டத்துக்குக் கொண்டுபோகவில்லை என்று பொருள். வெள்ளிக்கிழமை வேலையைக் கூட்டுங்கள். ஆட்டத்தில் தவறுகள் குறைந்து புள்ளிகள் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் கடிகாரத்தைப் பாருங்கள். யோசிக்கப் பழகியவர்கள் நேரத்தில் தோற்பது ஆரம்பத்தில் சகஜம்.

சராசரியோடு நிறுத்தாமல் ஒவ்வொருவரின் ஏற்றத்தையும் தனித்தனிப் புள்ளியாக வரைபடத்தில் போடுங்கள். ஒரே பயிற்சி ஒருவரை 10 மதிப்பெண் உயர்த்தும், இன்னொருவரை அசைக்காது. இது உங்கள் குறையல்ல. அர்ஜென்டினா வீரர்களிடம் உளவியலாளர்கள் கோபேயும் காம்பிடெல்லியும் 2007-ல் நடத்திய ஆய்வில், மாஸ்டர் நிலையை எட்ட ஒருவருக்குச் சுமார் 3,000 மணி நேரப் பயிற்சி போதுமானதாக இருந்தது, இன்னொருவருக்கு 23,000 மணி நேரத்துக்கு மேல் ஆனது. பல ஆய்வுகளைத் திரட்டி ஹாம்ப்ரிக் குழுவினர் 2014-ல் கணக்கிட்டபோது, வீரர்களுக்கு இடையிலான திறன் வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பயிற்சி விளக்கியது. பயிற்சி தேவை, ஆனால் அது மட்டுமே எல்லாம் அல்ல. அசையாத மாணவரின் பெற்றோரிடம் பேசும்போது இந்த எண்கள் நினைவில் இருக்கட்டும். "உன் பிள்ளை உழைக்கவில்லை" என்ற வார்த்தை பல நேரம் பொய்யாகவே இருக்கும்.

அளக்காததைச் சொல்லவும் வேண்டாம். செஸ் ஆடினால் கணக்கு வரும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரூன்றியது. இங்கிலாந்தில் 100 பள்ளிகளில், 4,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளோடு குலுக்கல் முறையில் நடந்த சோதனையின் முடிவு 2016-ல் வெளியானது. செஸ் வகுப்பு முடிந்து ஓராண்டுக்குப் பின் கணிதத் தேர்வில் இரு பக்கமும் வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் அறிக்கை செஸ் ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசட்டும்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், இரு தாளிலும் இல்லாத 12 புதிய நிலைகளோடு குட்டித் தேர்வு ஒன்று வையுங்கள். பயிற்சி நின்ற பிறகும் முன்னேற்றம் தங்குகிறதா என்று அது காட்டும். அதன் பிறகு குழுக்களை மாற்றுங்கள். ஆட்டக் குழுவுக்குப் பத்து வாரப் பயிற்சி, முதல் குழுவுக்குச் சும்மா ஆட்டம். அவர்களுக்கும் அதே ஏற்றம் வந்தால் உங்கள் கையில் இரண்டாவது சான்று இருக்கும். வராவிட்டால் முதல் முடிவையும் சந்தேகத்தோடு எழுதுங்கள், எல்லா மதிப்பெண்களையும் பெயர் இல்லாமல் அறிக்கையோடு இணைத்துவிடுங்கள்.